ஒரே கல்லுக்கு மூன்று வயது: நகரி, சத்தியவேடு பக்கம் பாறை படிக்கத் தொடங்குபவர்களுக்கு

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகிறவர்கள், நகரியை நெருங்கும்போது ஒரு மலைமுகடு மூக்கைப் போல நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பார்கள். கடலில் வந்த பழைய மாலுமிகள் கரையை அடையாளம் காண வைத்துக்கொண்ட முகடு அது. அவர்களும் அதை நகரி மூக்கு என்றே அழைத்தார்கள். அந்த மலை எப்படி வந்தது என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். பிரளயத்தில் மூழ்கி எழுந்த மலை என்பார் ஒருவர், அணைந்த எரிமலை என்பார் இன்னொருவர், நிலவியல் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் பழைய கடலோரத்து மணல் இறுகிய குவார்ட்சைட் என்று சொல்லும். பாறை ஒன்றுதான், வாசிப்புதான் மூன்று. இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதைப் புதிதாக வருகிற ஒருவர் தாமே சோதித்துப் பார்ப்பதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இத்தனை ஆண்டு இந்த வட்டாரத்தில் சுற்றியதில் எனக்குப் பட்டது ஒன்று உண்டு. கல்லின் வயது வேறு, அந்தக் கல் கிடக்கும் படிவின் வயது வேறு, அந்தக் கல்லில் தெரியும் உருவத்தின் வயது வேறு. பாறைகளைப் பற்றி நம்மிடையே நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே வயதாக எண்ணிக்கொள்வதால் வருபவை.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும்; வலப்பக்கத்தில் அதிலிருந்து நீங்கள் ஊகிப்பதை எழுத வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். நான் முதன்முதலில் நகரிப் பாறையில் வரிவரியான அலைத்தடங்களைப் பார்த்தபோது இடப்பக்கத்தில் “கடற்கரை” என்று எழுதிவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்தது கடற்கரையா என்ன? சம இடைவெளியில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகள், அவ்வளவுதான். ஏரிக்கரையின் ஆழமற்ற தண்ணீரிலும், ஆற்று மணலிலும், காற்றடிக்கும் மணல்மேட்டிலும் அதே மாதிரி வரிகள் விழும். வரியின் இரு சரிவுகளும் ஒரே அளவாக இருந்தால் தண்ணீர் முன்னும் பின்னும் அசைந்திருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தாக இருந்தால் ஓட்டம் ஒரே திசையில் இருந்திருக்கிறது. கடலா, ஏரியா என்ற கேள்வி அதற்கும் பிறகு வருவது.

நோட்டுடன் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கைலென்ஸ், தண்ணீர்ப் புட்டி, அளவுக்காகப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க ஒரு பேனா ஆகியவை போதும். சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த படி, எது முதலில் வந்தது என்பதைத் தொடும் இடத்தில் பார்ப்பது. இதற்குத் திருமலை மலைப்பாதையைவிட நல்ல பள்ளிக்கூடம் தென்னிந்தியாவில் குறைவு. வண்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, இறங்கும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே செங்குத்தாக, அடுக்கடுக்காக நிற்பது குவார்ட்சைட். கீழே சரிவாக, உருண்டு திரண்டு, அடுக்கே இல்லாமல் கிடப்பது கிரானைட். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டை 1872-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் விவரித்தார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. படிவு தொடர்ச்சியாக விழாமல் நடுவில் காலம் அறுந்துபோன இடம் என்பதால் இதைப் படிவு முறிவு என்று சொல்லலாம்.

இங்கே நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கீழேயுள்ள கிரானைட்டை வெட்டிக்கொண்டு கருநிறச் சுவர் போல டோலரைட் பாறை ஓடுகிறது. கல்லறுப்பவர்கள் கருங்கல் பட்டை என்று சொல்வது இந்த வகையைத்தான். அந்தச் சுவர் குவார்ட்சைட்டின் அடிவரை வந்து, கத்தியால் நறுக்கியதுபோல நின்றுவிடுகிறது. மேலேயுள்ள அடுக்குக்குள் நுழையவில்லை. இதை வைத்து வரிசையைப் பின்னோக்கிப் படிக்கலாம். கிரானைட் நிலத்துக்கு அடியில் உருகிய நிலையிலிருந்து இறுகியது. இறுகிய பிறகு விரிசல் விட்டது. விரிசலில் வேறொரு எரிகுழம்பு ஏறி உறைந்து டோலரைட் ஆயிற்று. அதற்குப் பின் மேலே மூடியிருந்த பாறையெல்லாம் கரைந்து போய் கிரானைட்டும் டோலரைட்டும் சேர்ந்தே வெளியில் வந்து தேய்ந்தன. தேய்ந்த அந்தத் தரையின்மேல்தான் மணல் விழுந்தது.

ஒரே வெள்ளத்தில் எல்லாம் படிந்துவிட்டது என்ற வாசிப்பு இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. வெள்ளம் மணலைக் கொண்டுவரும், கூழாங்கல்லைக் கொண்டுவரும். ஆனால் உருகிய குழம்பை நிலத்துக்கடியில் மெல்ல ஆறவிட்டு, பிளந்து, மறுபடி நிரப்பி, பிறகு தேய்த்து வழவழப்பாக்குவது வெள்ளத்தின் வேலை அல்ல. பிரளயக் கதையை நம்புகிறவரை நான் இதைச் சொல்லிக் கேலி செய்வதில்லை. அந்தக் கதை பாறையைப் பார்த்து எழுந்ததல்ல, அதனால் பாறையை வைத்து அதை நிறுவவும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

சரி, அறுந்துபோன காலம் எவ்வளவு? நினைவுச்சின்னத்துக்கான அரசு விளக்கம் மேலேயுள்ளதற்குச் சுமார் 160 கோடி ஆண்டு என்றும், கீழேயுள்ளதற்கு 210 கோடிக்கும் மேல் என்றும், இடைவெளிக்கு 50 கோடி என்றும் சொல்கிறது. ஆனால் கடப்பைப் படுகையின், அதாவது ஆந்திரத்தில் பழைய படிவுகள் சேர்ந்த பள்ளப்பகுதியின், கீழ்ப்பகுதி அடுக்குகளுக்குள் எரிகுழம்பாகப் புகுந்து உறைந்த ஒரு புலிவெந்துலாப் பாறைத்தகடு 188.5 கோடி ஆண்டு என்று பின்னால் அளக்கப்பட்டது. அது புகுந்த அடுக்குகள் அதைவிடப் பழையவையாகத்தான் இருக்க வேண்டும். நகரி குவார்ட்சைட் அந்த அடுக்குகளோடு எப்படிப் பொருந்துகிறது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எனவே இடைவெளியின் அளவு ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் “இவர்களுக்கே தெரியவில்லை” என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லும் முன் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எண் மாறுகிறது. கிரானைட், அதன்பின் டோலரைட், அதன்பின் தேய்மானம், அதன்பின் மணல் என்ற வரிசை எந்தக் கணக்கிலும் மாறவில்லை.

இனி மூன்று வயது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். சத்தியவேடு, அல்லிக்குழி மேடுகளில் சாலைக்காக வெட்டிய ஓரங்களைப் பார்த்தால், முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடப்பது தெரியும். ஒரு கல்லை லென்ஸில் பாருங்கள். உள்ளே மணல்மணியும் மணல்மணியும் பிணைந்து கண்ணாடி போல மின்னும். நகரி மலையின் குவார்ட்சைட்டேதான். மலையிலிருந்து உடைந்து, தண்ணீரில் உருண்டு, முனை மழுங்கி, டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தில் இங்கே வந்து படிந்தது. ஆகவே கல்லுக்கு நூறு கோடி ஆண்டுக்கு மேல் வயது. அது கிடக்கும் படிவுக்கு அதில் ஒரு சிறு பங்கு.

அதே கல் பிறகு இன்னொரு பயணம் போயிற்று. கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் பழைய கற்கால மனிதர்கள் இந்த வகைக் குவார்ட்சைட்டில் கைக்கோடரி செய்தார்கள். 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டார். திருமலைப் பாதையின் எல்லைக்கோட்டைப் பின்னால் விவரித்த அதே கிங்தான். கருவிகள் கிடந்த செம்புராங்கல் சரளையைக் கடலில் படிந்தது என்று ஃபூட் கருதினார். பின்வந்தவர்கள் அதை ஆற்றின், நில ஓட்டத்தின் வேலையாகப் படித்தார்கள். ஆனால் பெரிய சிக்கல் சரளையில் இல்லை, அதற்கும் கீழே இருந்த அடுக்கடுக்கான களிமண்ணில் இருந்தது.

அந்தக் களிமண், ஸ்ரீபெரும்புதூர், ஆவடிப் பகுதிகளில் உள்ள கிரெடேசியஸ் களிக்கல்லின் தொடர்ச்சி என்று நீண்ட காலம் எண்ணப்பட்டது. நிறமும் அடுக்கும் ஒத்துப்போயின. அருகிலேயே அந்தப் பாறை இருக்கிறது. எனவே அது இயல்பான ஊகம்தான். அப்படியானால் அதற்குள் மனிதக் கருவி இருக்க வாய்ப்பே இல்லை, தோண்டவும் தேவையில்லை. 1999-இல் தொடங்கி தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் தோண்டியபோது களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் வந்தன. இப்போது இரண்டே வழி: பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் மனிதர் இருந்தார் என்று சொல்ல வேண்டும், அல்லது களிமண்ணின் வயதைத் தவறாகப் படித்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதைத் தீர்ப்பதற்குக் கருவியை மட்டும் பார்த்தால் போதாது, களிமண்ணுக்குத் தனிச் சாட்சி வேண்டும். மண் படிந்தபோது அதில் உறைந்த காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்தது, அது 10.7 லட்சம் ஆண்டுக்கு முற்பட்ட காலத்தைக் காட்டியது. குவார்ட்சைட் வெளியில் கிடக்கும்போது விண்கதிர் பட்டு அதில் உருவாகும் அலுமினியம் 26, பெரிலியம் 10 ஆகிய இரண்டும், மண்ணில் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் குறைகின்றன. அந்த விகிதத்தை அளந்து புதைந்த காலத்தைச் சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். இரண்டு முறைகளும் ஒன்றை ஒன்று நம்பி நிற்பவை அல்ல என்பதுதான் இங்கே முக்கியம்.

ஆக, பூண்டி அகழ்வைப்பகத்தில் நீங்கள் பார்க்கும் கைக்கோடரியில் கல் நகரிக் கடலோரத்தின் காலத்தைச் சேர்ந்தது, அதன் உருட்டு கிரெடேசியஸ் காலத்தைச் சேர்ந்தது, அதன் கூர்முனை மனிதரின் காலத்தைச் சேர்ந்தது. “இந்தக் கோடரிக்கு நூறு கோடி வயது” என்று பகிரப்படும் செய்தியைப் பார்த்தால், எந்த வயதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உருவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். கையில் கிடைத்தது தொல்லுயிர் எச்சம்தானா என்பதையே முதலில் கேளுங்கள். பலகைக் கற்களைப் பிளக்கும்போது சிலவற்றில் பெரணி இலை போலக் கிளைகிளையாகக் கருப்புக் கோலம் தெரியும். விரிசலில் ஊறிய தண்ணீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு அது, இலை அல்ல. நடுநரம்பு இல்லை, இரு ஓரமும் ஒத்துப்போகாது, அடுக்குக்கு ஏற்பப் படியாமல் விரிசல் போன வழியே போகும். முட்டை விஷயத்தில் நானே சிக்கியிருக்கிறேன். சத்தியவேட்டுச் சரிவில் எடுத்த ஒரு கல் கோழிமுட்டை போலவே இருந்தது. ஒரு வாரம் அதைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். உடைந்திருந்த ஒரு மூலையை லென்ஸில் பார்த்த நண்பர், ஓடும் இல்லை, உள்ளும் புறமும் ஒரே மணல் என்று காட்டினார். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே குளத்தில் கிடைத்த பெரிய உருண்டைகள் டைனோசர் முட்டை என்று பரவியதும், அவை அம்மோனைட் என்ற கடலுயிரியின் எச்சத்தோடு தொடர்புடைய கடல்படிவு உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்கியதும் நினைவிருக்கலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையில் நடந்தது. குகைச் சுவரில் கண்ட இலை போன்ற ஒரு தடத்தை, சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்திய டிக்கின்சோனியா என்ற உயிரினம் என்று 2021-இல் ஓர் ஆய்விதழ் வெளியிட்டது. அது உண்மையானால் அந்தப் பாறையும் அதே வயதுடையதாக வேண்டும். வேறு அளவீடுகளை வைத்து நூறு கோடி ஆண்டு என்று சொல்லிவந்தவர்களின் கணக்கு பாதியாகிவிடும். மறுத்தவர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது தடம் சுவரிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. பாறைக்குள் இருந்த உருவம் உரியாது. பக்கத்தில் தேன்கூடுகள் இருந்தன. தடத்திலேயே அறைகளின் சாயல் இருந்தது. 2023-இல் அது காய்ந்துபோன மலைத்தேனீக் கூட்டின் மிச்சம் என்று வெளியிட்டார்கள். முதலில் அறிவித்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நகரி மலையின் செங்குத்துப் பாறைகளில் தேன் எடுக்கிறவர் ஒருவர் கூட இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். உருவம் பாறையின் உள்ளா, மேலா என்ற கேள்விக்கு உங்கள் நோட்டின் இடப்பக்கத்தில் எப்போதும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

எச்சம் உண்மையானதே என்றாலும், எல்லா எச்சமும் ஒரே அளவு சாட்சி சொல்லாது. ஸ்ரீபெரும்புதூர் படிவுகளில் டைலோஃபில்லம் என்ற சீப்புப் பல் போன்ற இலைத்தடங்கள் கிடைக்கின்றன. இத்தகைய இலைகளை 1870-களில் ஆராய்ந்த ஓட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் அவற்றைக் கிரெடேசியஸுக்கு முந்திய ஜுராசிக் காலத்தோடு சேர்த்தார். அதே வரிசையில் அரிதாகக் கிடைத்த அம்மோனைட் துண்டுகளை நம்பியவர்கள் ஆரம்ப கிரெடேசியஸ் என்றார்கள். இன்று பின்னதே பெரும்பாலோர் ஏற்பது. காரணம் இதுதான்: அந்தச் செடிவகை நீண்ட காலம் பெரிதாக மாறாமல் வாழ்ந்தது, அம்மோனைட்டுகளோ வேகமாக மாறி, ஒவ்வொரு வகையும் குறுகிய காலமே இருந்து, கடல் முழுதும் பரவின. தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம்வரை ஒரே மாதிரி கட்டப்படும் வேட்டியை வைத்துப் புகைப்படத்தின் ஆண்டைச் சொல்ல முடியாது. சட்டைக் காலரை வைத்துச் சொல்லலாம். அம்மோனைட் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமங்களில் பலவற்றின் உள்ளே தெரியும் சக்கரம் ஜுராசிக் கால அம்மோனைட்தான். சக்கரம் என்று கும்பிடுகிறவரும் அம்மோனைட் என்று படிக்கிறவரும் ஒரே வரியைத்தான் பார்க்கிறார்கள்; இருவரும் கேட்கும் கேள்விகள் வேறு, அதனால் அங்கே சண்டைக்கு இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: எச்சத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறீர்கள், பாறையை வைத்து எச்சத்துக்கு வயது சொல்கிறீர்கள், இது சுற்றிச் சுற்றி வருவது ஆகாதா? நியாயமான கேள்வி, அத்திரம்பாக்கத்துக் களிமண்ணில் ஏறக்குறைய அந்தத் தவறுதான் நடந்தது. பதிலை வரலாற்றில் தேடுங்கள். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலையைக் கவனித்த வில்லியம் ஸ்மித், எந்த எச்சம் எந்த அடுக்குக்கு மேல் வருகிறது என்பதை நேரில் பார்த்துப் பதிந்து, 1815-இல் வரைபடமே வெளியிட்டார். டார்வினின் நூல் வந்தது அதற்கு 44 ஆண்டு கழித்து. வரிசை முதலில் கண்ணால் கிடைத்தது. ஆண்டுக்கணக்கு இருபதாம் நூற்றாண்டில், யுரேனியம் போன்ற தனிமங்கள் சிதையும் வேகத்திலிருந்து தனியாக வந்தது. இயற்பியல் கணக்கு என்றாலே சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1862-இல் இயற்பியலாளர் கெல்வின் பூமி குளிர்வதைக் கணக்கிட்டு 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் வயது சொன்னார். கணக்கில் பிழை இல்லை. பூமிக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது என்று அவர் வைத்துக்கொண்ட அனுமானம் தவறு. 1956-இல் புவிவேதியியலாளர் கிளேர் பாட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து சொன்ன 455 கோடி ஆண்டு என்ற விடையே இன்றுவரை சிறு மாற்றத்துடன் நிற்கிறது.

ஆகவே எந்த வாசிப்பைக் கேட்டாலும், “எதைக் கண்டால் இது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். களிமண் கிரெடேசியஸ் என்றவர்களுக்கு, உள்ளே ஒரு கருவி கிடைத்தால் போதும் என்ற பதில் இருந்தது, கிடைத்தது, மாற்றிக்கொண்டார்கள். எதைக் கண்டாலும் மாறாத வாசிப்பை நோட்டில் எழுதாமல் விட்டுவிடலாம்.

களத்துக்குப் போக மார்கழி, தை மாதங்கள் நல்லவை. மழை கழுவிவிட்ட வெட்டுமுகத்தில் அடுக்கு தெளிவாகத் தெரியும், காலைச் சாய்வெயிலில் அலைத்தடம் நிழல் கட்டும். சேஷாசலக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம். அத்திரம்பாக்கத்தில் தரையில் கிடப்பதையும் எடுக்கக் கூடாது. எடுத்த கணமே அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்ற செய்தி போய்விடும், மிஞ்சுவது வெறும் கல்.

பழைய அறிக்கைகளைத் தேடும்போது மாவட்டப் பெயரைக் கவனியுங்கள். 1960-இல் எல்லையை மாற்றி வரைந்தபோது திருத்தணி மதராஸ் பக்கமும் சத்தியவேடு ஆந்திரப் பக்கமும் போயின. அதற்கு முந்திய எழுத்துகளில் இவை வட ஆற்காடு, செங்கல்பட்டு, மதராஸ் என்ற தலைப்புகளில் இருக்கும். இன்னொரு பொறியும் உண்டு. நூல்களில் “திருப்பதி மணற்கல்” என்று ஒரு படிவைப் படிப்பீர்கள். அது நம் ஏழுமலை சார்ந்ததல்ல. கோதாவரிப் பக்கம் துவாரகா திருமலைக்கு அருகே உள்ள குன்றின் பெயரால் வந்த, மிகவும் இளைய வேறொரு பாறை. அதை அலிபிரியில் தேடினால் கிடைக்காது. ஏலூருக்கு ரயில் ஏற வேண்டும்.